ஏஎன்ஏ பாசிட்டிவும் நோயல் ரோஸின் முயல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஆட்டோஇம்யூன் நோய்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். நோயெதிர்ப்பு அறிவியலுக்குத் தமிழ் நாளிதழில் அரைப்பக்கம் கிடைப்பது அரிது. அதற்கு முதலில் நன்றி. அதில் நோயல் ரோஸ் என்ற விஞ்ஞானிக்கு ஒரே ஒரு வரி: முயலுக்கு ஊசி போட்டு, உடலே உடலைத் தாக்கும் என்று காட்டியவர். அதற்கு அடுத்த வரி, "எனவே ரத்தத்தில் ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றால் நோய் தொடங்கிவிட்டது" என்று போகிறது. ஏஎன்ஏ என்பது நம் செல்லின் உட்கருவையே பிடிக்கும் ஆன்டிபாடி; ஆன்டிபாடி என்பது அந்நியப் பொருளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம். முதல் வரி சரி. இடறுவது அந்த "எனவே"யில்தான். ரோஸ் முயலுக்கு ஊசி போட்டபோது இருபதுகளில் இருந்த இளைஞர். பிறகு வாழ்ந்த அறுபத்துச் சொச்சம் ஆண்டுகளில் அவர் செய்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த "எனவே"யை அவ்வளவு சுலபமாகப் போட முடியாது என்பதைப் பற்றியது.

இதை இத்தனை நீளமாக எழுதக் காரணம் உண்டு. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு வரிசைக்குப் பின்னால் இப்போது ஏஎன்ஏவும், தைராய்டின் ஒரு நொதிக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்க்கும் ஆன்டி-டிபிஓவும் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஆடித் தள்ளுபடி அறிவிக்கிற லேப்களும் உண்டு. மூட்டு வலியோ, தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ எதுவும் இல்லாதவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, பாசிட்டிவ்னு போட்டிருக்குதுங்களே, இனி ஆயுசுக்கும் மாத்திரைதானுங்களா?" என்று எங்கள் லேப் கவுன்டரில் கேட்கிறார். உங்கள் கட்டுரை அவருக்கு "ஆமாம்" என்று பதில் சொல்லி அனுப்புகிறது.

முயல் கதையை முழுதாகச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். ரோஸ் 1927-இல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபோர்டு நகரில் பிறந்தவர். 1951-இல் பஃபலோ மருத்துவக் கல்லூரியில் எர்ன்ஸ்ட் விடெப்ஸ்கியிடம் சேர்ந்தார். விடெப்ஸ்கி ஜெர்மனியிலிருந்து வந்தவர். பால் எர்லிக்கின் சீடருக்குச் சீடர். எர்லிக்கோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளாடுகளை வைத்துப் பார்த்தவர். ஓர் ஆட்டுக்கு வேறோர் ஆட்டின் ரத்தத்தைச் செலுத்தினால் அந்த ரத்தத்தை அழிக்கும் ஆன்டிபாடி உண்டாகும். தன் ரத்தத்துக்கு எதிராக எந்த ஆடும் ஆன்டிபாடி உண்டாக்கவில்லை. உடம்பு தனக்குத் தானே நஞ்சு வைத்துக்கொள்ள அஞ்சும் என்று அவர் சொன்னது ஐம்பது ஆண்டுகள் வேதவாக்காக நின்றது.

ரோஸுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அந்த வாக்கைக் கலைப்பது இல்லை. தைராய்டு சுரப்பி சேமித்து வைத்திருக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து, அது எந்த அளவுக்கு அந்தச் சுரப்பிக்கே உரியது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முயலின் தைரோகுளோபுலினை முயலுக்கே போட்டால் ஒன்றும் நடக்கக் கூடாது. ஆனால் ஆன்டிபாடி வந்தது. வேறு முயலின் சுரப்பி என்பதால் வந்த எதிர்ப்போ என்ற சந்தேகம் எழுந்தது. ஒரு முயலின் தைராய்டில் ஒரு பாதியை அறுத்தெடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்குப் போட்டார்கள். அப்போதும் ஆன்டிபாடி வந்தது. மிச்சமிருந்த பாதியைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளணுக்கள் ஈ மொய்த்த மாதிரி அடைந்து கிடந்தன. ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912-இல் மனிதத் தைராய்டில் கண்டு எழுதிவைத்த தோற்றத்தின் சாயல் அது.

உங்கள் கட்டுரை விட்டுவிட்ட ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. அந்தச் சாற்றை அவர்கள் வெறுமனே போடவில்லை. ஃப்ராய்ண்ட் கலவை என்று ஒன்று: கனிம எண்ணெய், அதைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடிக்கும் குழம்பாக்கி, கொன்று காயவைத்த காசநோய்க் கிருமி. இவற்றோடு சாற்றைச் சேர்த்து, வெண்ணெய் போலக் கெட்டிப்படும் வரை அடிக்க வேண்டும். பதம் வந்ததா என்று பார்க்க ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுவார்கள். பரவாமல் முத்தாக நின்றால் சரி. பரவினால் குழம்பு உடைந்துவிட்டது, ஊசி போட்ட இடத்திலிருந்து புரதம் சீக்கிரமே கரைந்து போய்விடும், வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் தெரியாது. இத்தனை பாடுபட்டு உசுப்பிவிட்டால்தான் ஆரோக்கியமான முயலின் தைராய்டு இப்படிக் கெட்டது. உடம்பு தன்னைத் தாக்க முடியும் என்பது நிரூபணமானது. அந்தத் தாக்குதலுக்கு எவ்வளவு தூண்டுதல் வேண்டியிருந்தது என்பதும் அதே சோதனையில் தெரிந்தது.

எர்லிக்கின் வழியில் வந்த விடெப்ஸ்கிக்கு இதை உடனே அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. திரும்பத் திரும்பச் சோதித்த பிறகு 1956-இல் வெளிவந்தது. அதே ஆண்டு லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர், தைராய்டு மெல்ல அழியும் ஹஷிமோட்டோ நோய் உள்ளவர்களின் ரத்தத்திலேயே தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். முயலிலும் மனிதரிலும் ஒரே ஆண்டில்.

அடுத்த ஆண்டே, 1957-இல், விடெப்ஸ்கியும் ரோஸும் சகாக்களும் ஒரு நோயை ஆட்டோஇம்யூன் என்று சொல்ல என்னென்ன நிரூபிக்க வேண்டும் என்று நிபந்தனை வகுத்தார்கள். ஆன்டிபாடி இருந்தால் மட்டும் போதாது. அது எதைப் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும், அந்தப் பொருளை விலங்குக்குக் கொடுத்தால் அங்கேயும் ஆன்டிபாடி வர வேண்டும், அதே உறுப்பு அதே மாதிரி கெட வேண்டும். 1993-இல் ரோஸ் கான்ஸ்டன்டின் போனாவுடன் சேர்ந்து இதைப் புதுப்பித்தார். நேரடிச் சான்று, மறைமுகச் சான்று, சூழ்நிலைச் சான்று என்று மூன்று தரம். நோயாளியின் ஆன்டிபாடியையோ செல்லையோ மாற்றிக் கொடுத்தால் நோயும் கூடவே போவது நேரடிச் சான்று. அதே நோயை விலங்கில் உண்டாக்கிக் காட்டுவது மறைமுகச் சான்று. ரத்தத்தில் ஏதோ ஓர் ஆன்டிபாடி தெரிகிறது என்பது கடைசித் தரத்தில், சூழ்நிலைச் சான்றுகளோடு போய் நிற்கிறது.

நேரடிச் சான்றுக்கு இயற்கையே வைத்திருக்கும் சோதனை பிரசவ வார்டில் நடக்கிறது. தாயின் ஐஜிஜி வகை ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயுள்ள தாயின் ஆன்டிபாடி குழந்தையின் தைராய்டையும் முடுக்கிவிடக் கூடும். ரோ என்ற ஆன்டிபாடி உள்ள தாய்மாருக்கு நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டில் குழந்தையின் இதயத் துடிப்புக் கடத்தல் அடைபட்டுப் போகிறது. ஆனால் ஹஷிமோட்டோ தாயிடமிருந்து டிபிஓ ஆன்டிபாடியைப் பெற்றுக்கொண்டு பிறக்கும் குழந்தைகளின் தைராய்டு பொதுவாக நன்றாகவே இருக்கிறது. அங்கே சுரப்பியை அழிப்பதில் பெரும்பங்கு டி செல்கள் என்ற வெள்ளணுக்களுடையது. ஆன்டிபாடி முக்கியமாக ஓர் அடையாளம். மூன்றுக்கும் ரிப்போர்ட்டில் அச்சாகும் சொல் "பாசிட்டிவ்" என்ற ஒன்றுதான்.

ரோஸின் பிற்கால வேலையும் இதே தடத்தில் போனது. பஃபலோவில் இருந்தபோதே அட்ரியன் விளாடூட்டியுவுடன் சேர்ந்து, ஒரே ஊசியை வெவ்வேறு இனச் சுண்டெலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சில இனங்களில் தைராய்டு கடுமையாகக் கெட்டது, சிலவற்றில் லேசாகத்தான். வித்தியாசம் எச்-2 என்ற மரபணுத் தொகுதியைப் பொறுத்தது என்று 1971-இல் எழுதினார்கள். மனிதரில் அதற்குச் சமமானதுதான் எச்எல்ஏ. 1973-இல் டெட்ராய்ட், 1982-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்று இடம் மாறியபின் இதயத் தசை அழற்சியைப் பிடித்துக்கொண்டார். காக்ஸாக்கி பி3 வைரஸ் தொற்றினால் எல்லாச் சுண்டெலிக்கும் முதல் வாரம் இதயம் வீங்கும். பெரும்பாலான இனங்கள் தேறிவிடும். மரபணு வாகு உள்ள சிலவற்றில் மட்டும், வைரஸ் போன பிறகும் இதயத்தின் மயோசின் புரதத்துக்கு எதிரான தாக்குதல் தொடரும். 1987-இல் வைரஸே இல்லாமல், மயோசினை ஃப்ராய்ண்ட் கலவையில் போட்டு அதே நோயை வரவழைத்துக் காட்டினார்கள். வாகு, தூண்டுதல், காலம் எல்லாம் கூடி வர வேண்டும். ரோஸ் 2020 ஜூலையில் 92 வயதில் காலமானார்.

இனி எண்களுக்கு வருவோம். நோயில்லாதவர்களின் ரத்தத்தைப் பதினைந்து ஆய்வகங்களில் சோதித்து 1997-இல் வெளியிட்ட கணக்கு இது: 1:40 நீர்ப்பில் (நாற்பது மடங்கு நீர்த்துப் பார்த்தால்) 31.7 சதவீதம் பேருக்கு ஏஎன்ஏ பாசிட்டிவ், 1:80-இல் 13.3, 1:160-இல் 5, 1:320-இல் 3.3 சதவீதம். தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்ற ஆட்டோஇம்யூன் நோய் பத்தாயிரத்தில் ஐந்து பேருக்கு இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். காங்கேயத்திலோ கோபியிலோ பத்தாயிரம் பேரை வரிசையில் நிறுத்தி 1:80-இல் பார்த்தால் ஏறக்குறைய 1,330 பேர் பாசிட்டிவ் வாங்குவார்கள். அதில் லூபஸ் உள்ளவர் ஐந்து. மற்றவர்கள் அத்தனை பேரும் உங்கள் கட்டுரைப்படி நோய் தொடங்கியவர்கள்.

கட்டுரையாளர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்து வைத்த ரத்தத்தை எடுத்து 2003-இல் செய்த ஆய்வில், லூபஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஏதாவது ஓர் ஆன்டிபாடி இருந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே. அதைத்தான் அவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அது நோயாளியிடமிருந்து பின்னோக்கிப் போன கணக்கு. கவுன்டரில் நிற்பவர் முன்னோக்கிப் போக வேண்டியவர். பஸ்ஸில் அடிபட்டவர்கள் எல்லாரும் அன்று காலை சாலையில் நடந்தவர்கள்தான். சாலையில் நடந்த எல்லாரும் அடிபடவில்லை.

இந்தச் சோதனை கையால் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ரிப்போர்ட்டைப் பார்க்கும் பார்வையே மாறும். கண்ணாடிச் சில்லில் ஹெப்-2 என்ற மனிதப் புற்றுச் செல் வரிசையை ஒட்ட வளர்த்து, சிறு சிறு வட்டங்களாக விற்கிறார்கள். நோயாளியின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) 10 மைக்ரோலிட்டரை 790 மைக்ரோலிட்டர் உப்புக்கரைசலில் கலந்தால் 1:80. அதில் ஒரு சொட்டை வட்டத்தில் விட்டு, ஈரப்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து, கழுவ வேண்டும். பிறகு பச்சையாக ஒளிரும் சாயம் கோத்த, மனித ஐஜிஜியைப் பிடிக்கும் ஆன்டிபாடியை விட்டு மறுபடியும் அரை மணி. கழுவி, மூடி, ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லின் உட்கரு பச்சையாகத் தெரிகிறதா, எந்த வடிவில் தெரிகிறது என்று கண்ணால் படித்துச் சொல்கிறோம்.

கெடுவது பல இடத்தில். ஈரப்பெட்டியில் துணி காய்ந்திருந்தால் வட்டத்தின் ஓரம் உலர்ந்து, இல்லாத ஒளி தெரியும். நம் ஊர் சித்திரை வெயிலில் இது அடிக்கடி நடப்பது. கழுவும்போது நேராகப் பீச்சினால் ஒருவரின் பாசிட்டிவ் பக்கத்து வட்டத்துக்கு வழியும். பழைய பாதரச விளக்கு மங்கிக்கொண்டே வரும்; 1:160 மெல்ல 1:80 ஆகத் தெரியும். ஒரே சில்லை இரண்டு பேர் படித்தால் ஒரு படி முன்பின் வருவது சகஜம், அதைப் பிழை என்றுகூடச் சொல்ல மாட்டோம். ஆகவே போன மாதம் 1:160, இந்த மாதம் 1:320 என்றால் நோய் இரட்டிப்பானது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. (தாராபுரத்திலிருந்து பைக்கில் வந்த ரத்தம் சூட்டில் கெட்டிருக்குமோ என்று பலர் கேட்பார்கள். ஆன்டிபாடி அவ்வளவு லேசில் கெடாது. சி3, சி4 என்ற நோயெதிர்ப்புப் புரதங்களைக் கேட்டிருந்தால்தான் சீரத்தைச் சீக்கிரம் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும்.)

வடிவத்துக்கும் பொருள் உண்டு. உட்கருவில் தனித்தனிப் புள்ளிகளாக நாற்பதுக்கு மேல் எண்ண முடிந்தால் அது குரோமோசோமின் இடைக்கட்டைப் பிடிக்கும் சென்ட்ரோமியர் ஆன்டிபாடி. அதைக் கண்டால் விரல் நுனி குளிரில் வெளுக்கிறதா என்று கேட்காமல் விடக் கூடாது. உட்கரு சீராக ஒளிர்ந்து, பிரிந்துகொண்டிருக்கும் செல்லின் குரோமோசோமும் ஒளிர்ந்தால் டிஎன்ஏவைப் பிடிக்கும் டிஎஸ்-டிஎன்ஏ ஆன்டிபாடி பக்கம் பார்க்க வேண்டும். அடர்ந்த நுண்புள்ளி என்று ஒரு வடிவம் இருக்கிறது. டிஎஃப்எஸ்70 ஆன்டிபாடி மட்டுமே தனியாக இருந்தால் அது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களிடம் காண்பது. இதையெல்லாம் விட்டுவிட்டு, நுண்ணோக்கி இல்லாமல் ஆன்டிபாடியை அளக்கும் எலிசா இயந்திரம் தந்த "1.4 பாசிட்டிவ்" என்ற ஒற்றை எண்ணை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் மருத்துவருக்கும் அதில் படிக்க ஒன்றுமில்லை. எலிசா எண்ணை 1:80, 1:160 என்ற நீர்ப்போடு ஒப்பிடவும் முடியாது. முறை, நீர்ப்பு, வடிவம் மூன்றும் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் ஒன்று ஊரைச் சுற்றிப் போனாலும் இந்த எண்கள் ஆடும். சிக்குன்குனியா வந்து போனபின் மாதக்கணக்கில் மூட்டு வலி நிற்கும். அந்தச் சமயத்தில் மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டரோ ஏஎன்ஏவோ பாசிட்டிவ் ஆகலாம். காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரையும் ஏஎன்ஏவை ஏற்றும். இதைச் சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் ரிப்போர்ட் பாதிக் கதைதான் சொல்லும்.

அப்படியானால் யார் எடுக்க வேண்டும்? ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காதவர். வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடிப்பவர். வாய்ப்புண் விடாமல் வருபவர். சிறுநீர் நுரைத்து, முகமும் காலும் வீங்குபவர். மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சு வலிக்காரர். இவர்களுக்கு ஏஎன்ஏ பெரிய உதவி. 2019-இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த லூபஸ் வரையறையில் 1:80 பாசிட்டிவ் என்பது உள்ளே நுழைய வாசல் மட்டும். அதன் பிறகு அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, பத்து சேர வேண்டும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை ஏஎன்ஏ விலையில் சிறு பங்குதான். சிறுநீரகத்தை லூபஸ் தொட்டுவிட்டதா என்பதை அதுதான் சொல்லும். நோய் உறுதியானபின் ஏஎன்ஏவைத் திரும்பத் திரும்ப எடுப்பது காசுக்குக் கேடு. நோயின் ஏற்றஇறக்கத்துக்கு டிஎஸ்-டிஎன்ஏ, சி3, சி4, சிறுநீர்ப் புரதம். ஒரே ஒரு எச்சரிக்கை: ரோ ஆன்டிபாடி சில சமயம் ஹெப்-2 சில்லில் கண்ணில் படாமல் தப்பிவிடும். வாயும் கண்ணும் வறண்ட பெண்ணுக்கோ, முந்தைய குழந்தைக்கு இதய அடைப்பு வந்த தாய்க்கோ ஏஎன்ஏ நெகட்டிவ் என்றாலும் ரோவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆன்டி-டிபிஓவுக்கும் இதே கதை. இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த கணக்கில், தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனான டிஎஸ்எச் சரியாக இருந்து ஆன்டிபாடி மட்டும் உள்ள நூறு பெண்களில் ஆண்டுக்கு இரண்டு பேருக்குத்தான் தைராய்டு குறைந்தது. டிஎஸ்எச் உயர்வும் ஆன்டிபாடியும் சேர்ந்து இருந்தால் நான்கு பேர். ஆக, ஆன்டிபாடி மட்டும் உள்ளவருக்கு மாத்திரை வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்தால் போதும். கருவுற்றால் மட்டும் உடனே ஒருமுறை, பிறகு கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்குமுன் இரண்டு மூன்று நாள் அதை நிறுத்த வேண்டும். அந்த மாத்திரையில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் போல. பயோட்டினைக் கொக்கியாக வைத்து இயங்கும் இயந்திரங்களில் இது டிஎஸ்எச்சைக் குறைத்தும், தைராய்டு ஹார்மோனான டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத கிரேவ்ஸ் நோயை உண்டாக்கிவிடும்.

அடுத்த ஞாயிறு திருத்தம் போடுவதாக இருந்தால் இடம் அதிகம் வேண்டாம். "1:80-இல் ஏஎன்ஏ பாசிட்டிவ்: நோயில்லாதவர்களிலும் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்" என்ற ஒரு வரி போதும். அதை முழு உடல் பரிசோதனை விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே போட முடிந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
இம்யூனாலஜி ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.